ஒரே நேரத்தில் இரண்டு இடம்

பிப்ரவரி 20

டாக்டர் எபனேசரின் முகத்தில் கரி பூசுவது என்று இன்று காலை முடிவு செய்தேன். முடிவு செய்ததும் பசித்தது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாவது தோசை கேட்டேன். அம்மா மூன்றாவதையும் வைத்தாள்.

பிற்பாடு யாராவது கேட்டால் தேதியோடு காட்ட வேண்டும் என்பதால் ஆதியிலிருந்து எழுதி வைக்கிறேன். என் தம்பி செல்வின் பறவை பார்க்கிறவன். பார்த்ததைப் படம் பிடித்து, இடமும் தேதியும் போட்டு ஓர் இணையதளத்தில் ஏற்றுவான். அங்கே யார் வேண்டுமானாலும் பதிவு போடலாம், போட்டதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பூட்டு கிடையாது. ஆனால் சரி, தப்பு சொல்ல மாவட்டத்துக்கு ஒரு சரிபார்ப்பாளர் உண்டு. எங்கள் தூத்துக்குடிக்கு இந்த எபனேசர். பிழைப்புக்குப் பல் பிடுங்குகிறான், பொழுதுபோக்குக்கு அடுத்தவர் பதிவைப் பிடுங்குகிறான்.

ஜனவரி 7, ஞாயிறு. பழையகாயல் பக்கம் கழிமுகத்தில் செல்வின் ஒரு நண்டுதின்னியைப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாக, நண்டு பிடித்துத் தின்கிற கடற்கரைப் பறவை. அந்தக் கழிமுகத்தில் அதுவரை யாரும் பதியாதது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தான். மறுநாள் சாயந்திரம் எபனேசர் அதன் கீழே எழுதினான்: “படம் தெளிவில்லை. கோணமூக்கு உள்ளானாகவும் இருக்கலாம். தெளிவான படம் கிடைத்தால் உறுதி செய்யலாம்.”

ஜனவரி 9 காலை செல்வின் தெளிவான படம் எடுக்கப் போனான். உப்பு லாரி. முப்பத்து நாலு வயது.

அந்த மூன்று வரி இல்லாவிட்டால் என் தம்பி அன்று காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருப்பான். இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை. வெப்சைட் கட்டுவதுதான் என் வேலை. எல்லாரையும் அவன் சரிபார்க்கிறான் அல்லவா, அவனை நான் சரிபார்க்கிறேன்.

பிப்ரவரி 22

மாவட்டத்துப் பதிவுகள் மொத்தத்தையும் இறக்கினேன். மூன்று லட்சத்துச் சொச்சம். பாதிக்குமேல் மைனாவும் காகமும். காகத்தைப் படம் எடுத்து ஏற்ற இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

பிப்ரவரி 25

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் என்பதால் கோயிலில் கூட்டம். எபனேசரும் அவன் மனைவி ஹெலன் மதினியும் நாலாவது பெஞ்சில். அம்மா அவர்களைத் தாண்டிப் போகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடக்கத்தன்று அவர்கள் கொண்டுவந்த மலர்வளையத்தை அம்மா வாங்கவில்லை. “ஒங்க கையால வேண்டாம், எடுத்துட்டுப் போங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவன் அதைக் கையில் பிடித்தபடியே கல்லறைத் தோட்டத்து வாசலில் கடைசிவரை நின்றான். அம்மாவுக்கு நான்தான் சொல்லியிருந்தேன், இந்த ஆள் எழுதியதால்தான் செல்வின் போனான் என்று.

இன்றைய பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. நான் மனசுக்குள் டேட்டாபேஸுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28

கருவி ஓரளவு எழுந்து நிற்கிறது. பெயர் வைத்தாயிற்று: “யார் எங்கே”. ஒருவர் பெயரைத் தட்டி ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால், அன்று அவர் போன இடமெல்லாம் மேப்பில் புள்ளி புள்ளியாக விழும். நேர வரிசையில் ஒரு கோடு புள்ளிகளைச் சேர்க்கும். புள்ளியைத் தொட்டால் அங்கே எடுத்த படம் திறக்கும். பறவைக் குழுவில் பார்ப்பவர்களுக்கு இது அழகான பொம்மை. எனக்கு இது தூண்டில்.

தளத்தின் பட்டியலில் தேதி மட்டும்தான் தெரியும். மணி, நிமிஷம் பார்க்க ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும், அந்தப் பொறுமை எவருக்கும் கிடையாது. என் கருவி அந்த நேரத்தைத்தான் முதலில் பார்க்கும். படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் நேரம் அது.

மார்ச் 2

மாட்டினான்.

சாதாரண யோசனைதான். ஓர் ஆள் பத்து நிமிஷத்துக்குள் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இன்னொரு இடத்தில் பதிவு போட்டிருந்தால் சிவப்பில் காட்டு என்று எழுதினேன். எபனேசர் பெயரைத் தட்டினேன். போன நவம்பர் 19, காலை 7.10: வீட்டு முருங்கை மரத்தில் தவிட்டுக்குருவி, போனில் எடுத்த படம். அதே நாள் 7.14: கழிமுகத்தில் பூநாரை, கேமராவில் எடுத்த படம். நடுவில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். நாலு நிமிஷத்தில் பறந்தானா? அப்படியானால் அவனையே ஒரு பறவையாகப் பதிந்துவிடலாம்.

ஒன்று இரண்டு இல்லை. மூன்று வருஷத்தில் இருபத்து மூன்று தடவை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ எடுத்த படத்தை எங்கேயோ ஏற்றியிருக்கிறான் என்று நாலு பேர் சொன்னால் போதும். இந்த யோக்கியன்தான் என் தம்பியின் படம் தெளிவில்லை என்றான்.

எழுந்து வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். அம்மாவிடம் மத்தியானத்துக்கு நெய்மீன் வாங்கலாமா என்று கேட்டேன்.

மார்ச் 4

சோதனைக்காகச் செல்வின் பெயரையும் தட்டிப் பார்த்தேன். ஒன்பது இடத்தில் சிவப்பு.

மார்ச் 5

செல்வினின் ஒன்பதையும் திறந்து பார்த்தேன். எல்லாமே ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் கேமரா. டிசம்பர் 31, கேமரா சொல்கிற நேரம் காலை 5.22, கரண்டிவாயன் கூட்டம். படத்தில் நல்ல வெயில். பறவைகளின் நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்திருக்கிறது. மார்கழியில் ஐந்தரைக்கு இங்கே கும்மிருட்டாக இருக்கும்.

செல்வின் சார்ஜா வேலையை விட்டு வந்தபோது இரண்டு கேமரா வாங்கி வந்தான். ஒரே மாதிரி. ஒன்று தனக்கு, இன்னொன்று எபனேசர் கேட்டிருந்தது. இரண்டையும் அங்கேயே பிரித்து, தேதி நேரமெல்லாம் வைத்து, சோதித்துப் பார்த்துத்தான் கொண்டுவந்தான். சார்ஜாவுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன். ஃபிரிட்ஜைத் துடைக்க வேண்டும், உள்ளே ஒரே மீன் நாற்றம்.

மார்ச் 6

நிரலில் ஒரு வரி சேர்த்தேன். சிவப்புப் பட்டியலில் இந்தப் பெயரைக் காட்டாதே என்று. இறந்துபோனவனின் கணக்கைக் கிளறுவது மரியாதை இல்லை.

கேமரா கடிகாரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது வைத்திருக்கிறவன் பொறுப்பு. மூன்று வருஷமாகப் பார்க்காமல் இருந்தானே, அது மட்டும் யோக்கியதையா? அடுத்தவன் படத்தில் மூக்கு வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிகிறதல்லவா.

மார்ச் 9

காலை பத்து மணிக்கு வெளியிட்டேன். “திறந்த தரவு, திறந்த நிரல். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம்” என்று முகப்பில் எழுதினேன். பறவைக் குழுவின் வாட்ஸப்பில் இணைப்பைப் போட்டு, நல்ல பிள்ளையாட்டம், “செல்வின் நினைவாக ஒரு சிறு முயற்சி” என்றேன். எபனேசரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சிவப்புப் பட்டியலில் முதல் ஆள் அவன்தான், எழுத வேண்டிய அவசியமே இல்லை.

முதல் அரை மணி நேரம் கைதட்டல், பூங்கொத்து. முதல் வாழ்த்து எபனேசருடையதுதான்: “அருமை. செல்வின் பார்த்திருக்க வேண்டும்.” பிறகு கல்லூரி விரிவுரையாளர் பாலகுமரேசன் கேட்டார்: “இந்தச் சிவப்பு எதுக்கு?” நான் விளக்கினேன். அதற்குப் பிறகு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வருகிற செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 11

எபனேசர் இரண்டு நாள் கழித்து வாய் திறந்தான்: “எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

நினைவில்லையாம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேடி இதுதான் கிடைத்ததா? பாலகுமரேசன் கீழே கும்பிடு பொம்மை போட்டார். மற்றவர்கள் அதுகூடப் போடவில்லை.

மார்ச் 12

சரிபார்ப்பாளர் பொறுப்பிலிருந்து எபனேசரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பாலகுமரேசன். அம்மாவிடம் சொன்னேன். “நல்லா வேணும்” என்றாள். அதற்குமேல் அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

மார்ச் 13

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 14

அம்மா “யார் எங்கே”வைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமலே. சாப்பிட்டு முடிந்ததும் என் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் செல்வின் பெயரைத் தட்டி, ஒவ்வொரு தேதியாக எடுத்து அவன் போன கோட்டைப் பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு தேதிதானாம். சீக்கிரம் முடிந்துபோய்விடக் கூடாதாம்.

இன்றைக்குக் கிறிஸ்மஸ் நாளை எடுத்திருந்தாள்.

“ஏட்டி கனி, இதுல அஞ்சே முக்காலுக்கு ஆத்து முகத்துல நிக்கான்னு போட்டிருக்கே. அஞ்சே முக்காலுக்குக் கோயில்ல ஆராதனை முடியலையே. கொயர்ல நின்னு பாடிக்கிட்டுல்லா இருந்தான். வீட்டுக்கு வந்து காப்பியக் குடிச்சிட்டுதான போனான்.”

“நீ சொல்றது அதுக்கு முந்துன கிறிஸ்மஸா இருக்கும்மா. உனக்கு மறந்திருக்கும்.”

“முந்துன கிறிஸ்மஸா?”

“ஆமா.”

“இருக்கும்” என்றாள். “இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு.” அந்தத் தேதியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்றைய கணக்கில் அவளுக்கு அவ்வளவுதான் செல்வின்.

மார்ச் 17

கோயில் முடிந்து வெளியே வரும்போது ஹெலன் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா முன்னால் போய்விட்டாள். எபனேசர் வரவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குத் தயாராகத்தான் நின்றேன்.

“ஒன்னக் கொற சொல்ல வரல கனி. ஒனக்கு அந்தக் கம்ப்யூட்டரப் பத்தித் தெரியும்லா, அதான் கேக்கேன். அது தப்பாக் காட்டுமா?”

“அதுல இருக்கதத்தான் மதினி காட்டும்.”

“எங்க வீட்டுக்காரவியளும் அதத்தான் சொல்லுதாவ. டேட்டா பொய் சொல்லாதுன்னு. அப்ப நான்தான் மறந்திருக்கேன்னு சொல்லுதாவ. அன்னைக்கு நான் வீட்ல இருந்தேனா, கழிமுகத்துக்குப் போனேனான்னு என்கிட்டயே கேக்காவ. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும், சொல்லு? அவிய அம்மைக்கு அறுவதுலயே எல்லாம் மறந்துபோச்சுல்லா, அந்தப் பயம். கிளினிக்க ஒரு வாரமாத் தொறக்கல. ஒருத்தர் வாயில ஊசி போட்டுட்டு, போட்டோமா போடலையான்னு சந்தேகம் வந்துட்டாம். அவர அப்படியே அனுப்பிட்டாவ. நாளைக்குத் திருநெல்வேலில மூளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறோம்.”

கையை விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

அவன் பொய்யன் என்று ஊர் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்படி அவன் தன்னையே சந்தேகப்படுவான் என்று நினைக்கவில்லை. நினைத்ததைவிட நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

மார்ச் 18

இன்றைக்கு ஸ்கேன். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அனுப்பவில்லை. நானும் ஜனவரி 9 காலை அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது வந்து தப்பான தகவல் என்று சொல்வார்களா என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவனும் உட்காரட்டும்.

மார்ச் 19

இன்னும் அனுப்பவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 20

அம்மா கேட்டாள்: “அந்த டாக்டர் அப்படி என்னதான் எழுதியிருந்தாவ? நீ சொல்லித்தான் கேட்டிருக்கேன். வாசி பாப்போம்.”

வாசித்தேன். படம் தெளிவில்லை, கோணமூக்கு உள்ளான், தெளிவான படம் கிடைத்தால் உறுதி செய்யலாம். அம்மா, “இவ்வளவுதானா?” என்றாள். இவ்வளவுதான் என்றேன்.

கடைசி வரியை வாசிக்கவில்லை. இந்த நோட்டில் முதல் நாளும் அதை எழுதவில்லை. “அவசரமில்லை செல்வின், மார்ச் முடியும்வரை அது இங்கேதான் சுற்றும், சாவகாசமாகப் போங்கள்.” அதுதான் கடைசி வரி.

மார்ச் 21

மாட்டினேன்.

பாலகுமரேசன் போன் செய்தார். ஆள் புதுப் பொறுப்பில் துடிப்பாக இருக்கிறார். குழுவில் எல்லாருடைய பதிவுகளையும் என் கருவியை வைத்துக் களையெடுக்கப் போகிறாராம். அதற்காக நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறார். திறந்த நிரல் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டவள் நான்தானே.

“மேடம், ஒரு எடத்துல ஒரே ஒரு பேர மட்டும் விட்டுரச் சொல்லி எழுதியிருக்கீங்க. நம்ம செல்வின் பேரு. தவறுதலா வந்திருக்கும்னு நெனச்சு அந்த வரிய எடுத்துட்டுப் பாத்தேன். ஒம்போது சிவப்பு வருதே?”

“அவன் இப்ப இல்ல சார். அதான் விட்டேன்.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டாக்டருக்கு ஒரு நியாயம், செல்வினுக்கு ஒரு நியாயம்னு இருந்தா நாளைக்கு என்னையில்லா கேப்பாங்க? நோட்டீஸ் போடுறேன். பதினஞ்சு நாள் டைம். கணக்குக்காரர் சார்புல நீங்க விளக்கம் குடுத்தா சரி.”

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தக் கணக்கின் எல்லாப் பதிவுகளும் ‘நம்பத்தகாதவை’ ஆகி மேப்பிலிருந்து இறங்கிவிடும் என்றார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பதிவுகள்.

மார்ச் 23

அம்மா இன்று அக்டோபர் 2-ஐ எடுத்திருந்தாள். “இங்க பாரு, காந்தி ஜெயந்தி லீவுக்கு எவ்வளவு தூரம் சுத்தியிருக்கான்” என்று கோட்டின்மேல் விரலால் தடவிக் காட்டினாள். பதினைந்து நாளில் அந்தக் கோடு இருக்காது.

சத்தமில்லாமல் நானே செல்வின் கணக்கில் நுழைந்து நேரத்தை மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று தளம் எல்லாருக்கும் காட்டும். விளக்கம் கொடுத்தால் கேமராவைச் சொல்ல வேண்டும். கேமராவைச் சொன்னால் இரண்டு கேமராவையும் சொல்ல வேண்டும். செல்வினைக் காப்பாற்றினால் எபனேசரும் சேர்ந்தே கரையேறிவிடுவான். எவ்வளவு யோசித்தும் ஒருத்தனை மட்டும் தூக்கிவிட வழி தெரியவில்லை.

இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

மார்ச் 24

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 26

முகப்பில் போட்டுவிட்டேன். இரக்கம் வந்து எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா மடியில் இருக்கிற அந்தக் கோட்டுக்காக எழுதினேன்.

“டாக்டர் எபனேசர், செல்வின் இருவரின் கேமராக்களும் சார்ஜாவில் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டிலும் கடிகாரம் அங்குள்ள நேரத்திலேயே, நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஓடிக்கொண்டிருந்தது. போனில் எடுத்த படங்களில் நேரம் சரி. அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்ததுபோலக் காட்டியது. இருவரும் எந்தப் பொய்ப் பதிவும் போடவில்லை. இது எனக்கு மார்ச் 5 அன்றே தெரியும். தெரிந்தே மார்ச் 9 அன்று வெளியிட்டேன். - ஜெபக்கனி.”

கடைசி இரண்டு வாக்கியத்தை மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை அழிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி ஓட்டினேன். இருபத்து மூன்றும் போயிற்று, ஒன்பதும் போயிற்று. பாலகுமரேசன் நோட்டீஸை எடுத்துவிட்டார். வாட்ஸப்பில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே ஆட்கள் யாரைப் பற்றிப் பேசினாலும் ரசித்துப் படித்தேன்.

மார்ச் 28

பெரிய வியாழன். மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் வந்தார்.

மெலிந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நானாக இருந்தால் வாசலிலேயே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரலாமா என்று கேட்டார். அம்மா சமையலறையில் இருந்தாள். யார் என்று எட்டிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

“அஞ்சாம் தேதியே தெரியும்னு போட்டிருந்தீங்க” என்றார்.

“தெரியும்.”

“நான் ஸ்கேன் எடுத்தது பதினெட்டு.”

“அதுவும் தெரியும். மதினி சொன்னாங்க.”

தலையாட்டினார். மேஜை விரிப்பில் பிரிந்திருந்த நூலை உள்ளே சொருகினார். எதையாவது எடுத்து என்மேல் எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. நீங்க எழுதுனதையும் பாத்துட்டேன். கேமரா விசயம் சரி. ஆனா அந்தக் குழாய்க்குள்ள படுத்திருக்கும்போது ஒண்ணு தோணிச்சு, அது இன்னும் போகல. அதக் கேக்கத்தான் வந்தேன். ஒங்களத் தவிர யார்ட்டயும் கேக்க முடியாது.”

“கேளுங்க டாக்டர்.”

“ஜனவரி எட்டாம் தேதி சாயந்திரம் செல்வின் எனக்குப் போன் பண்ணுனாரு. ‘அக்கா விட மாட்டேங்கா டாக்டர், நாளைக்கே போயி எடுத்துட்டு வந்து ஒங்க மூஞ்சில எறியணும்னு நிக்கா, காலைல போறேன்’னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. சரி பாத்துப் போங்கன்னு நானும் சிரிச்சேன். போவாதீங்கன்னு சொல்லல. இப்ப எனக்கு என்னன்னா, அப்படி ஒரு போன் வந்துச்சா, இல்ல என் எழுத்தாலதான் போனாருங்கிறதத் தாங்க முடியாம நானா ஒரு போனக் கற்பன பண்ணிக்கிட்டேனா? பழைய போன் ரிப்பேராயி மாத்திட்டேன், அதுல பாக்கவும் வழியில்ல. மூணு மாசமா இத யார்ட்டயும் சொல்லல. ஒங்க அம்மா காதுக்குப் போயிரக் கூடாதேன்னு ஹெலன்கிட்டகூடச் சொல்லல. நீங்க அப்படிச் சொன்னீங்களா ஜெபக்கனி? சொல்லலன்னா சொல்லலன்னு சொல்லுங்க. நான் வேற டாக்டரப் பாக்கேன்.”

சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எழுந்து போய்விடுவார், தன் புத்தியைத் தானே நம்பாமல் மிச்ச நாளை ஓட்டுவார், நான் நினைத்தது அப்போதுதான் முழுசாக முடியும். இந்த நோட்டை எழுத ஆரம்பித்ததே அதற்குத்தான். அப்போதும் வாய் அந்த வார்த்தைக்குத்தான் திறந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

“சொன்னேன்” என்றேன். “அவன் அவசரமில்லன்னுதான் சொன்னான். நீங்க எழுதுனதக் காட்டி, மார்ச் வரைக்கும் இருக்குமாம்க்கான்னான். நான்தான் விடல. ஒன்ன ஒருத்தன் பொய்யன்னு சொல்லுதான், நீ பல்ல இளிச்சிக்கிட்டு இருக்கியான்னு கேட்டேன். ஒங்களுக்கு மறதியெல்லாம் இல்ல டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை.

நான் திரும்பியபோது அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காப்பி டம்ளர். வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப அவளுக்கு மனசு வந்திருக்காது. எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னைத் தாண்டிப் போய் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

“ஆறிரும், குடிங்க டாக்டர்” என்றாள்.

மார்ச் 29

பெரிய வெள்ளி. நேற்று சாயந்திரத்திலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. காலையில் அவள் வைத்த கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கிற மும்மணி ஆராதனைக்கு வழக்கமாக நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போவோம். “எபனேசர் டாக்டர் வீட்டு வழியாப் போறேன். ஹெலனோட போய்க்கிடுவேன்” என்றாள், என்னிடம் இல்லை, வாசலைப் பார்த்து. நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவள் செருப்பை மாட்டினாள்.

படியிறங்கியவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

“அவன் போவ மாட்டேன்னு சொன்னானாட்டி?”

“ஒரு தடவ சொன்னாம்மா. தூக்கம் வருதுக்கா, ஞாயித்துக்கெழம போறேன்னான்.”

அம்மா கேட்டைத் திறந்துகொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சாத்திவிட்டுப் போகிறவள், இன்று சாத்தவில்லை. நான் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.